ரிவால்வருக்கு எந்த எண்ணெய்?

ஜூன் 10

போன சனியன் திரும்பி வந்துவிட்டது.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். என் வீட்டுக்காரர் மார்ச்சில் கொடுத்தார். வாக்கு எண்ணி, ஜெயித்தவன் மாலை போட்டுக்கொண்டு, தோற்றவன் மெஷினைத் திட்டி ஓய்ந்த பிறகு, இன்றைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இடையில் நான் நன்றாகத் தூங்கினேன். இந்த நாட்டில் தேர்தலை ஏன் வருஷம் முழுக்க நடத்தக் கூடாது என்று தெரியவில்லை.

துண்டை விரித்து ரிவால்வரை அதன்மேல் வைத்துப் பார்த்தார். குழல் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு. "தோல் உறையோடயே கட்டிக் குடுத்துட்டேன், தப்பாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இவர் தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அதுவும் துப்பாக்கியிடம்தான் ஒத்துக்கொள்கிறார்.

மாமனார் வாங்கிய ரிவால்வர் அது. தோட்டத்து வீடு, அக்கம்பக்கம் ஆள் கிடையாது, திருட்டுப் பயம் என்று அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்தாராம். அவர் ஒரு நாளும் சுட்டதில்லை. இவரும் சுட்டதில்லை. போன தை மாதம் வரைக்கும் அது பீரோவில் கிடக்கிற ஒரு இரும்பு, அவ்வளவுதான்.

தையில்தான் மகள் பிருந்தா போன் செய்து, கூட வங்கியில் வேலை பார்க்கிற இளமாறனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்றாள். வேறு ஜாதி. இவர் பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பங்காளிகள் எல்லாம் கூடி நிற்க, "அவன் இந்த வாசலை மிதிச்சான்னா சுட்டுப்போடுவேன்" என்றார். யாரும் வரவில்லை. பால் கறக்கிற நேரம் ஆனதும் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். ஆனால் சொன்ன சொல் எழுந்து போகவில்லை. இன்னும் வாசலிலேயே கிடக்கிறது.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிறவர் யாருமில்லை, இதாவது கேட்கட்டும்.

ஜூன் 24

கண் பார்க்க ஈரோடு போகிறேன் என்று விடிந்ததும் கிளம்பினார். காங்கேயத்திலேயே கண் டாக்டர் இருக்கிறார். பொழுது சாயத் திரும்பி வந்தார். மூக்கில் அதே பழைய கண்ணாடி. ஒரு சொட்டு மருந்துகூட வாங்கி வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, நன்றாகத் தெரிகிறது என்றாராம்.

சோறு தின்றுகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: "ரிவால்வருக்கு எந்த எண்ணெய் போடறது? உங்கண்ணனைக் கேட்டுச் சொல்லு."

என் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். அவனுக்கு மெஷின் எண்ணெய் தெரியும்.

பிருந்தா குடியிருப்பது ஈரோட்டில். அந்த ஊரில் எத்தனையோ தெரு இருக்கிறது. இவர் எந்தத் தெருவுக்குப் போய்விட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

ஜூன் 27

தையல் மிஷின் எண்ணெய் வாங்கி வரச் சொன்னார். விளக்கெண்ணெய் வாங்கி வந்துவிட்டேன். கடையில் கூட்டம், ஞாபகம் தப்பிவிட்டது. இதைப் போட்டால் பிசினாட்டம் ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைச் சுளித்தார். எண்ணெய் எண்ணெய்தானே என்றேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் உனக்கு எண்ணெய் தெரியாதா என்றார். துப்பாக்கியோடு குடும்பம் நடத்தவில்லையே என்றேன்.

விளக்கெண்ணெய் வீண்போகாது, கன்றுக்குட்டிக்கு வயிறு உப்பினால் கொடுக்கலாம். நம் வீட்டுத் தையல் மிஷினின் இழுப்பறையிலேயே எண்ணெய்ப் புட்டி இருப்பது அவர் நினைவுக்கு வராத வரைக்கும் நல்லது.

ஜூலை 5

பிருந்தா கூப்பிட்டாள். அவளோடு நான் பேசுவது மாட்டுக்கொட்டகையில்தான். இவர் காதுக்கு எட்டாது, மாடும் வெளியே சொல்லாது.

தலை தீபாவளிக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. வா என்று கூப்பிட முடியுமா? வராதே என்றுதான் சொல்ல முடியுமா? பயந்துவிடுவாள். "உங்கப்பா அந்த ரிவால்வரைக் கட்டிட்டு அழறாரு" என்று மட்டும் விளையாட்டாகச் சொல்லி வைத்தேன்.

அவள், "தொடைச்சு முடிச்சுட்டாராம்மா?" என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி? அப்பன் துப்பாக்கி துடைக்கிறான் என்றால் மகள் கேட்கிற கேள்வியா இது? அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். இன்னும் இல்லை என்றேன். செரிம்மா என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 15

செவலைக் காளையை விற்றார். தோட்டத்து வேலை எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, காலையிலிருந்து அதற்குத்தான் உபசாரம். தொட்டியில் நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார். என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனித்ததுண்டா? விற்கப் போகிற மாட்டுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்றேன். அழுக்கோடு பிடித்துக் கொடுத்தால் மாட்டுக்கு அவமானம் என்கிறார்.

வாங்கியவன் தன் கயிற்றைப் போட்டுக் காளையை ஓட்டிக்கொண்டு போனான். பழைய கயிறு நம்மோடது. மாட்டைக் கொடுக்கலாம், கயிற்றைக் கொடுக்கக் கூடாது. கொட்டகை ஆணியில் இதோடு ஏழெட்டுக் கயிறு தொங்குகிறது. தூசி தட்டுகிறவள் நான்.

ஜூலை 22

கோயம்புத்தூரில் பெரியம்மா பேத்திக்கு வளைகாப்பு. அங்கே துப்பாக்கிக் கடை இருக்கிறது, தானும் வந்து சாமான் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். உங்களுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் உட்கார முடியாது, எழுதிக் கொடுங்கள் நானே வாங்கி வருகிறேன் என்று தடுத்தேன். முழங்கால் வலி அவருக்கு இருக்கிறதோ இல்லையோ, நான் சொன்னதும் நொண்டினார்.

அந்தக் கடைக்குள் பொம்பளை நுழைந்து கடைக்காரர் பார்த்ததில்லை போல. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ரிவால்வருக்குத் துரு எடுக்க வேண்டும் என்றதும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டுமாம். குழலுக்குள் விட்டு இழுக்கப் பித்தளைக் கம்பி பிரஷ், அதுவும் குழலின் அளவுக்குச் சரியாக. கரியையும் கசடையும் கரைக்க ஒரு திரவம். துடைக்க மெத்தென்ற பருத்தித் துணி. கடைசியில் எண்ணெய். "எண்ணெயை ஊத்தக் கூடாதுங்கம்மா, தொட்டு வெக்கோணும். அதிகமாப் போச்சுன்னா தூசி ஒட்டி இறுகிக்கும்." உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, பித்தளைப் பாலிஷ் போட்டால் மேல்பூச்சு போய்விடும், தோல் உறைக்குள் வைத்துப் பூட்டவே கூடாது, தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுத்துவிடும் என்றெல்லாம் சொன்னார். "முக்கியமா உள்ளுக்குள்ள எதுவும் அடைச்சிருக்கக் கூடாதுங்க. அடைச்சுதுன்னா அது துப்பாக்கியே இல்லீங்க" என்றார்.

எந்த அளவு பிரஷ் வேண்டும் என்று கேட்டார். முப்பத்திரண்டு என்று சீட்டில் எழுதியிருந்தது. சீட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெரியது கொடுங்கள் என்றேன். இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் போடுகிற பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினார், கட்டைவிரல் தண்டிக்கு இருந்தது. கட்டச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ரிவால்வர் என்றுதானே முதலில் சொன்னீர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று சின்னதையும் ஒரு புட்டி எண்ணெயையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கரைக்கிற திரவம் கைவசம் இல்லை, வரவழைத்துவிட்டுப் போன் செய்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெரிய பிரஷை எடுத்துக் கொடுத்தேன். இவர் அதை ரிவால்வர் வாயில் வைத்துப் பார்த்தார். யானைக்குப் பல் தேய்க்கிற பிரஷ் என்றார். கடைக்காரர் தப்பாகக் கொடுத்திருக்கிறார் என்றேன்.

சின்னது எங்கே இருக்கிறது என்பதை எழுத வேண்டியதில்லை. அரிசி டிரம்மை இந்த வீட்டில் நான் ஒருத்திதான் திறப்பேன்.

ஜூலை 23

பெரிய பிரஷ் பால் பாட்டில் கழுவ அருமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்குப் போகவில்லை. சித்திரான்னம் கிண்டினேன், தேங்காய்ச் சாதம் அடிப்பிடித்துவிட்டது.

பட்டுச்சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தவள், மேல்தட்டில் இருக்கிற தகர டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். தோட்டாக்கள் அதில்தான் இருக்கும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். வரவில்லை. திறந்தால் காலி டப்பா.

துரு ஏறிய ரிவால்வர் தட்டில் இருக்கிறது. தோட்டாவைக் காணோம். வேட்டி மடிப்பிலா? டிராக்டர் பெட்டியிலா? மோட்டார் ரூமிலா? இவர் மதியம் தூங்கும்போது எல்லாவற்றையும் தேடிவிட்டேன். மோட்டார் ரூமில் ஒரு சாரைப் பாம்புதான் இருந்தது. அதைப் பார்த்து நான் பயப்படவில்லை. பயப்பட இடமில்லை, ஏற்கனவே நிறைந்திருக்கிறது.

என் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறேன் என்று எழுதினால் கதைப் புஸ்தகம் மாதிரி இருக்கும். ஆனால் அப்படித்தான் இருக்கிறது. என் பெண் ஈரோட்டில் அந்தப் பையனோடு சிரித்துக்கொண்டு ஆடிப்பெருக்குச் சாப்பாடு சாப்பிட்டிருப்பாள். இங்கே இவர் ரிவால்வர் இருக்கிற பீரோ முன்னால் உட்கார்ந்து அடிப்பிடித்த தேங்காய்ச் சாதத்தை ருசித்துச் சாப்பிடுகிறார்.

கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால் என்ன பதில் வரும்? இவருக்குப் பேச்சு என்றால் மழை, மாடு, மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், இந்த மூன்றுதான். நான்காவதாகப் பேசியது தை மாதம் வாசலில் பேசியது. அதை மறுபடி இவர் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆகஸ்ட் 18

திருப்பூர் போய் அண்ணனிடம் பனியன் வேஸ்ட் வாங்கி வரச் சொன்னார். துப்பாக்கி துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாதாம், பஞ்சு மாதிரி உறிஞ்சுமாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், உறிஞ்சும், பருத்தியாக இருந்தால்.

நான் பாலியெஸ்டர் வேஸ்டை ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீரை ஊற்றினால் உருண்டு ஓடுகிறது. அண்ணன்கூடக் கேட்டான், இதை எதற்கு எடுத்துப் போகிறாய், மிதியடிக்குக்கூட ஆகாதே என்று.

இவர் ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "திருப்பூர்ல பொறந்தவளுக்குப் பருத்தி தெரியாம போச்சா சாரதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னமோ செய்தது. கண் மங்கிவிட்டது, உங்களோடு நானும் ஈரோட்டுக் கண் டாக்டரிடம் வருகிறேன் என்றேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

செப்டம்பர் 4

துப்பாக்கிக் கடையிலிருந்து போன். திரவம் வந்துவிட்டதாம். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 5

மறுபடியும் செய்தார். மறுபடியும் ராங் நம்பர்தான்.

செப்டம்பர் 20

திருப்பூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வந்தார். இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. லைசென்ஸ் விஷயம் என்றார். ரினியூவலா என்றேன். அந்த மாதிரித்தான் என்றார்.

துரு ஏறிய ஒரு இரும்புக்கு இத்தனை அலைச்சலா? மேற்குத் தோட்டத்து வேலி சாய்ந்து கிடக்கிறது. சமையலறை ஓட்டில் ஒழுகுகிறது, அண்டாவை வைத்துப் பிடிக்கிறேன். அதற்கெல்லாம் நேரமில்லை. ரினியூவலுக்கு நேரம் இருக்கிறது.

சாயங்காலம் பங்காளி வீட்டு சென்னியப்பன் வந்து உட்கார்ந்து காபி குடித்தான். தீபாவளி வருகிறதே, உங்க வீட்டுப் பொண்ணு அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் வரும், சொன்ன சொல் ஞாபகம் இருக்கட்டும் என்றான். நான் காபி டம்ளரை வாங்காமல் நின்றேன். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன்.

"ஞாபகம் இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

சென்னியப்பன் குடித்த டம்ளரை நாலு தடவை கழுவினேன்.

அக்டோபர் 6

"நீ வாங்கிட்டு வந்தது போதும். ஆயுத பூஜை முடியட்டும், நானே கோயம்புத்தூர் போய் எல்லாம் வாங்கிக்கறேன். தீபாவளிக்குள்ள முடிச்சாகோணும்" என்றார்.

தீபாவளிக்குள். எதற்குத் தீபாவளிக்குள்?

சந்தனக்கட்டை வாங்க வேண்டும். வீட்டில் இருப்பது தேய்ந்துவிட்டது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. வீடு மெழுகி, கோலம் போட்டு, அருவாள், மண்வெட்டி, கடப்பாரை, மோட்டார் ஸ்டார்ட்டர், தையல் மிஷின், டிராக்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரிவால்வருக்கு வருஷா வருஷம் பிடியில் ஒரு பொட்டுதான் வைப்போம்.

இந்த வருஷம் கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்தேன். தோள் விட்டுப்போனது. இவர் டிராக்டருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தபோது குழலுக்குள் அடைத்தேன். தோட்டா போடுகிற ஆறு குழியிலும் அடைத்தேன். விசைப் பக்கத்துச் சந்துகளில் எல்லாம் விரலால் அழுத்தினேன். மேலே குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் செருகி, பூஜைப் பலகையில் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. சரஸ்வதி கோபித்துக்கொள்வாள். அதற்குள் சந்தனம் கல்லாகிவிடும். ஈரம் உள்ளே இருந்து இரும்பைத் தின்னும்.

எனக்கு ஒன்றும் தெரியாது. பக்தி அதிகமாகிவிட்டது. கிராமத்துப் பொம்பளை.

பொரி, கடலை, சுண்டல் எல்லாம் மிச்சம். சாப்பிட ஆளில்லை.

அக்டோபர் 12

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபூஜை முடிந்ததும் இவர் ரிவால்வரை எடுத்தார். உருளையைச் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை. குழலுக்குள் பார்த்தார். அருவாள் நுனியால் கீறினார், தூள்தான் உதிர்ந்தது. கத்தப் போகிறார் என்று கதவோரம் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

இவர் கத்தவில்லை. பூஜைப் பலகையில், அருவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போச்சு. இனி தீபாவளிக்குள்ள ஆகாது" என்றார். "மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர மாட்டா."

மாப்பிள்ளை என்றார். இது வரைக்கும் அவன், அந்தப் பையன் தவிர வேறு வார்த்தை இவர் வாயில் வந்ததில்லை. யார், யாரைக் கூட்டி வர மாட்டாள் என்று கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஜூன் மாதம் ஈரோடு போனது கண் பார்க்க இல்லை. பிருந்தா வேலை செய்கிற வங்கி வாசலில் போய் நின்றிருக்கிறார். அவள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது தலை தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்.

"அந்த ரிவால்வர் ஊட்ல இருக்கற வரைக்கும் அவரை அந்த வாசப்படிக்குக் கூட்டிட்டு வர மாட்டேனுங்கப்பான்னு சொல்லிருச்சு. நாயந்தானே? நாந்தானே அதைக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன்" என்றார்.

அதனால்தான் ரிவால்வரை விற்றுவிடப் பார்த்திருக்கிறார். துப்பாக்கிக் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தது ரினியூவலுக்கு இல்லை, லைசென்ஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உத்தரவு வாங்குவதற்கு. தோட்டாக்களை ஜூலையிலேயே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாராம். அம்மாவிடம் சொல்லாதே, எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மகளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். நடுவில் எதுவும் தடைப்பட்டால் நான் ஏமாந்து போவேனாம். என்ன கரிசனம்!

"அப்பறம் எதுக்குங்க நாலு மாசமாத் தொடைக்கோணும் தொடைக்கோணும்னு உசிரை வாங்குனீங்க? அப்படியே கொண்டுபோய்க் குடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி ஒரு பார்வை.

"விக்கற மாட்டையே குளுப்பாட்டி மஞ்சள் வெச்சுத்தான் கயிறு மாத்தறோம். எங்கப்பன் வெச்சிருந்ததைத் துருவோட தூக்கிட்டுப் போய்க் குடுக்கச் சொல்றயா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், இந்த ஊமை என்னையே கெடுத்துவிட்டது. என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் வீட்டுக்கு வருகிற வழியை நானே சந்தனம் பூசி அடைத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, பூஜைச் சொம்பை எடுத்து இவர் மேலேயே எறியலாமா என்றும் வந்தது.

எதையும் செய்யவில்லை. சமையலறைக்குப் போய் அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, சின்னப் பிரஷையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து இவர் முன்னால் வைத்தேன். பரணிலிருந்து பருத்திப் பனியன் வேஸ்டை இறக்கினேன், அதுவும் பாலியெஸ்டரோடு அன்றைக்கே வாங்கியதுதான். தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து அந்தப் புட்டியையும் வைத்தேன்.

இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிரஷில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை நகத்தால் எடுத்துத் தள்ளினார்.

"நான் என்ற புள்ளையச் சுடுவேன்னு நெனச்சயா?" என்று கேட்டார்.

நான் பருத்தி வேஸ்டைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன். "நெனைக்கறாப்லதான் நடந்துட்டேன்" என்று இவரே சொல்லிக்கொண்டார்.

அக்டோபர் 13

துப்பாக்கிக் கடைக்கு நானே போன் செய்தேன். உள்ளே முழுக்கச் சந்தனம் அடைத்துக்கொண்டது, என்ன செய்வது என்றேன். "ராங் நம்பர் அம்மாங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாங்க என்றேன். அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

ஆயுத பூஜை கழிந்தால் இப்படி நாலைந்து வருமாம். வெந்நீரில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும், கரைந்ததும் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் உடனே காயவைக்க வேண்டும், அப்புறம் திரவம், பிரஷ், துணி, கடைசியில் எண்ணெய். செப்டம்பரிலிருந்து என் பெயர் எழுதிக் கிடக்கிற புட்டியைப் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார்.

அக்டோபர் 19

ஒரு வாரமாக இதே வேலை. சந்தனம் கரைந்துவிட்டது. துருதான் போக மாட்டேன் என்கிறது. இவருக்குப் பொறுமை கிடையாது, பிரஷை முன்னும் பின்னும் ஆட்டி நடுவில் மாட்ட வைத்துவிடுகிறார். ஒரே வாக்கில் விட்டு அந்தப் பக்கம் வெளியே எடுங்கள் என்று கடைக்காரர் சொன்னதைச் சொன்னால், உனக்கு எல்லாம் தெரியும் என்கிறார். தெரியும்தான். பாடம் முழுக்க நான்தானே கேட்டேன். எண்ணெயை இவர் ஊற்றுகிறார், நான் துடைக்கிறேன். தொட்டு வையுங்கள், ஊற்றாதீர்கள் என்று தொண்டை வறண்டுவிட்டது.

பருத்தி வேஸ்ட் தீர்ந்துகொண்டே வருகிறது. முதலில் செம்பழுப்பாக வந்தது, பிறகு கறுப்பாக, இன்றைக்குச் சாம்பலாக வந்தது.

அக்டோபர் 22

துணி வெள்ளையாகவே வந்தது.

அக்டோபர் 24

இரண்டு பேருமாகக் கோயம்புத்தூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்து, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். கொடுக்க வருகிறவர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாகக் கொண்டுவந்ததில்லை என்றார். இவர் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லாம் இவரே செய்தது மாதிரி. பிறகு கடைக்காரர் மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் சந்தனம் மணக்குதுங்க" என்றார். அதற்கு மட்டும் என்னைக் கை காட்டினார்.

உறையையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார் கடைக்காரர். இல்லை, அது எங்களோடது என்று இவர் வாங்கிக்கொண்டார். துரு ஏற்றிய உறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போய், செவலைக் காளையின் கயிற்றுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். இனி தூசி தட்ட இன்னும் ஒன்று.

கொட்டகையிலிருந்தே மகளுக்குப் போன் செய்தார். "ஆச்சு அம்முணி" என்றார்.

அக்டோபர் 29

முறுக்கு சுட்டேன். மாவு பதம் தப்பி முதல் ஈடு நொறுங்கிவிட்டது. சமையலறை ஓட்டை ஏறி மாற்றிக் கொடுத்தார். வேலியையும் நிமிர்த்திவிட்டார். இந்த மனுஷனுக்கு மாப்பிள்ளை வந்தால்தான் ஓடு ஒழுகுவது தெரியும் போல.

சென்னியப்பன் வேலிப் பக்கம் நின்று, சொன்ன சொல் என்ன ஆச்சு என்று கேட்டானாம். வித்துப்போட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அக்டோபர் 31

தீபாவளி.

நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டார்கள். காரிலிருந்து இறங்கி வாசல் வரைக்கும் வந்த மாப்பிள்ளை, படிக்கு முன்னால் நின்றுவிட்டார். பிருந்தா ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். இவர் உள்ளேயிருந்து வந்து, "வாங்க" என்றார். அவர் வலது காலை எடுத்து வாசலை மிதித்தார். தை மாதத்திலிருந்து அங்கே கிடந்த சொல்லின் மேலேயே மிதித்து உள்ளே வந்தார்.

விடிவதற்கு முன்னால் பலகை போட்டு மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தோம். எண்ணெய் வைக்க என் அண்ணன் வருவதாக இருந்தது, பஸ் தாமதம். யார் வைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார். பையன் முதுகு விறைத்துவிட்டது. இவர் தொண்டையைச் செருமினார்.

"சாரதா, எண்ணெய் எடுத்துட்டு வா" என்றார்.

எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. நல்லெண்ணெயைக் காய்ச்சி, மிளகும் ஓமமும் போட்டு, கை பொறுக்கிற சூட்டில் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் மூன்று விரலைத் தொட்டு அந்தப் பையனின் உச்சியில் வைத்தார். ஊற்றவில்லை.